அசோசியேட் புஷ்பவல்லி

எங்கள் பக்கத்தில் 'அசோசியேட்' என்றால் வசவு. நம்பிக்கை இல்லையென்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்கி, கல்மேட்டுக் குப்பத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெண்டாட்டி தண்ணீர்க் குடத்தோடு மூன்றாவது நடை போகும்போது, கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு செல்போன் பார்க்கிறானே, அவனுக்குத்தான் அந்தப் பெயர். "எயிந்து வாய்யா, அசோசியேட்டு!" என்று கூப்பிடுவார்கள். கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, அண்டா தூக்க ஆள் தேடும்போது காணாமல் போகிறவனும் அசோசியேட்தான். அகராதியில் இந்த அர்த்தம் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

இந்த அர்த்தத்தை உண்டாக்கியவள் புஷ்பவல்லி. அதற்கு முன்னால் தப்பான அர்த்தத்தைச் சொல்லித் தொலைத்தவள் நான். அந்த மானக்கேட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து என்னிடம் கேட்க வேண்டாம்.

என் பெயர் ஜெரினா. எர்ணாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் ஜெரினா என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துத் தேறியவள். பட்டத்தைக் கண்ணாடி போட்டு லேமினேஷன் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். இந்த ரோட்டில் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால் நான்தான் வக்கீல், நான்தான் டாக்டர். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

புஷ்பவல்லிக்கு நாற்பத்தாறு வயது. காசிமேட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் பாஸ்கரைக் கட்டிக்கொண்டு கல்மேட்டுக்கு வந்தவள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கடல் இரண்டு முறை அவள் வீட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு முறையும் சட்டி பானையோடு சாலைக்கு வந்து நின்று கடலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, மறுநாளே மீன் விற்க உட்கார்ந்தாள். "ஊட்ட தானே எட்த்த, வாய எட்த்தியா?" என்று கடலிடமே கேட்டவள்.

வாய் என்றால் அது வாய். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தாலும் அதற்கு மேலே "சங்கரா! உசுரு சங்கரா!" என்று அவள் குரல் கேட்கும். ஒருநாள் யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு இறங்கி ஓடி வந்தார். இறங்கியவரைச் சும்மா அனுப்புவாளா? சங்கரா மீனை வெட்டிக் கையில் கொடுத்துத்தான் வண்டி ஏற்றினாள்.

அவள் உட்காருகிற இடம் சாலையோரம் ஒரு பூவரச மரத்தடி. மீனவர் கூட்டுறவு சங்கத்துக்குச் சொந்தமான காலி மனை. அங்கே பதினான்கு பெண்கள் உட்காருவார்கள். நடுவில் புஷ்பக்கா, பக்கத்தில் அறுபதைத் தாண்டிய பூவம்மா. நிலக்கரித் தூசியில் மூக்கைத் துடைத்தால் முந்தானை கறுப்பாகும். இருந்தாலும் அந்த இடம்தான் பதினான்கு வீட்டுக்கும் அடுப்பு. புஷ்பக்கா தன் மகள் மாயாவை நர்சிங் சேர்த்தது அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான்.

போன வருஷம் அந்த மனைக்கு ஆபத்து வந்தது. ஒரு கன்டெய்னர் கம்பெனி, லாரிகளை நிறுத்த அந்த இடத்தைக் கேட்டது. சங்கத் தலைவர் ஜெகதீசனுக்கு வாயெல்லாம் பல். ஆண்களிடம், "நம்ம ஆளுங்களுக்கு வாட்ச்மேன் வேலை போட்டுக் குடுக்கறாங்களாம்" என்று சொல்லி வைத்தார். பாஸ்கர் அண்ணனுக்கு முட்டி வலி. கடலுக்குப் போக முடியாத காலத்தில் ஒரு நாற்காலி கிடைக்குமே என்று அவருக்கும் ஆசை. பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். உறுப்பினர்கள் ஐம்பத்தெட்டு பேரும் ஆண்கள். மரத்தடியில் உட்காருகிற ஒருத்திக்கும் அதில் பேச்சில்லை.

புஷ்பக்கா நேராகத் தலைவர் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க எடத்த பத்தி நீங்க கை தூக்குவீங்க, நாங்க வேடிக்க பாக்கணுமா? எங்களையும் மெம்பரா போடு."

ஜெகதீசன் தேன் தடவிப் பேசுகிறவர். "அதுக்கு இன்னா தங்கச்சி, தாராளமா போட்டுடலாம்" என்று பதினான்கு படிவங்களை எடுத்துக் கொடுத்தார். படிவத்தின் தலையில் இங்கிலீஷில் 'அசோசியேட் மெம்பர்' என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பதினான்கு பேரும் என் கடைக்கு வந்தார்கள். கடை முழுக்க மீன் வாசனை. மெம்பர் தெரியும், முன்னால் இருக்கிறது என்ன வார்த்தை என்று புஷ்பக்கா கேட்டாள்.

நான் தலைக்கு மேலே இருக்கிற பட்டத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். "அசோசியேட்டுன்னா சேர்ந்தவங்க, கூட்டாளிங்கன்னு அர்த்தம். நல்ல வார்த்தைதான்க்கா. கையெழுத்துப் போடு" என்றேன்.

போட்டார்கள். ஒரு வாரத்தில் அட்டை வந்தது. பதினான்கையும் நானே லேமினேஷன் பண்ணினேன். எல்லையம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, எனக்கும் ஒரு தூக்கு வந்தது. முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். வழித்துச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில் கூட்டம். பதினான்கு பேரும் பட்டுப்புடவை கட்டி, அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். தலைவர் லாரி விஷயத்தைப் படித்தார். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் புஷ்பக்காவின் கை மேலே போய்விட்டது.

ஜெகதீசன் சிரித்தார். "எம்மா, கைய கீழ போடு. நீ அசோசியேட்டு. கூட ஒக்காரலாம், டீ குடிக்கலாம். கை தூக்கக் கூடாது."

கூடம் முழுக்க ஆண்கள் சிரித்தார்கள். பாஸ்கர் அண்ணன் சிரிக்கவில்லை. தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். புஷ்பக்காவின் கை இறங்கியது. அன்று கடல் நன்றாக இருந்ததால் பாதிப் பேர் தொழிலுக்குப் போயிருந்தார்கள். முடிவெடுக்கப் போதுமான தலை இல்லை என்று கூட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஒன்று மட்டும்தான் அன்றைக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம்.

புஷ்பக்கா பட்டுப்புடவையோடு நேராக என் கடைக்கு வந்தாள். அட்டையைக் கண்ணாடி மேஜையில் அறைந்தாள்.

"இன்னாமே சொன்ன? சேர்ந்தவங்கன்ன? கூட்டாளின்ன? இம்மாம் பெரிய பட்டத்த மாட்டி வெச்சிகினு கீற, ஒரு வார்த்தைக்கு ஒய்ங்கா அர்த்தம் சொல்லத் தெரியல. ஊரே சிரிச்சிச்சுமே!"

அகராதிப்படி நான் சொன்னது சரி. ஆனால் வார்த்தை அகராதியிலா குடியிருக்கிறது? சங்கத்தின் விதிப் புத்தகத்தில் குடியிருக்கிறது. அதை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அந்தப் புத்தகத்தை வாங்கி வந்து வரிவரியாகப் படித்தேன். அசோசியேட்டுக்கு ஓட்டு இல்லை என்று பதினோராம் பக்கத்தில் பளிச்சென்று போட்டிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. மீன் தொழிலில் ஒரு வருஷம் பாடுபட்ட யாரும் முழு உறுப்பினர் ஆகலாம், நிர்வாகக் குழுவில் ஏழு பேரில் நான்கு பேர் ஒப்புக்கொண்டால் போதும். ஆம்பளை என்றோ பொம்பளை என்றோ ஒரு எழுத்துகூட இல்லை.

புதிதாகப் பதினான்கு விண்ணப்பம் தமிழிலேயே அடித்துக் கொடுத்தேன். காசைப் பற்றிப் பேசினால் அடிப்பாள் என்று பேசவில்லை. ஜெகதீசன் அவற்றை வாங்கி, "பாக்கலாம், பாக்கலாம்" என்று மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இந்த இடத்தில் கல்மேட்டுக் கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடல் அரிப்பைத் தடுக்கப் பாறை கொட்டியதில், மணல் என்று மிச்சம் இருப்பது இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒரு சின்னத் துண்டு. பைபர் போட்டுகள் அந்த இடுக்கு வழியாகத்தான் கரையேற வேண்டும். அலை போட்டைத் தூக்குகிற அதே நொடியில் கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்க வேண்டும். ஒரு மூச்சு தப்பினால் பாறை. அதனால் காலையில் போட்டு வரும்போது குப்பத்துப் பெண்கள்தான் ஓடிப்போய்க் கயிறு பிடிப்பார்கள். பிடித்தவர்களுக்கு, போட்டுக்காரர் தன் கையாலேயே குழம்புக்கு ஒரு பிடி மீன் கொடுப்பார். இது கூலி இல்லை, முறை. கயிறு பிடித்த கை அந்த மீனை வாங்க வேண்டும். வாங்காமல் போனால் அந்தப் போட்டு மறுபடி கடலில் இறங்கக் கூடாது. எல்லையம்மன் பெயரால் உள்ள கட்டு. எப்பேர்ப்பட்ட வாய்த்தகராறு இருந்தாலும் அந்தப் பிடி மீனை வேண்டாம் என்று சொன்னவர்கள் குப்பத்தில் அதுவரை யாரும் கிடையாது.

திங்கட்கிழமை காலை முதல் போட்டு இடுக்குக்கு வந்தது. அது பாஸ்கர் அண்ணன் போகிற போட்டு. பதினான்கு பெண்களும் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் புஷ்பா! கயிறு புடிமே!"

"நாங்க அசோசியேட்டுய்யா. கூட ஒக்காரலாம், கை தூக்கக் கூடாதுன்னு தலைவரே சொல்லிக்கீறாரு!"

போட்டில் இருந்த நாலு பேரும் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, போட்டை இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. பின்னால் ஏழு போட்டுகள் வரிசையில் ஆடிக்கொண்டு நின்றன. கரை சேர்ந்த மீனையும் பெண்கள் தொடவில்லை. பாஸ்கர் அண்ணனே கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் விற்க உட்கார்ந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். கடம்பாக் கணவாயைச் சுத்தம் பண்ணத் தெரியாமல் மசிப்பையை அறுத்து, சட்டையெல்லாம் கறுப்பு மை. வருகிறவர்கள் எல்லாரும் "அக்கா எங்கே?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் குடை பிடித்துக்கொண்டு புஷ்பக்கா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா, வாட்ச்மேன் வேலை எப்டி கீது?" என்று கத்தினாள். ரோடே சிரித்தது. மனுஷன் பாவம், மை வழிகிற முகத்தோடு அவரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு இரண்டு நாள் தாங்கியது. புதன்கிழமைக்குள் பதினான்கு வீட்டிலும் வெறும் ரசம். பூவம்மா என் கடைக்கு வந்து, "இது எங்க போயி முடியுமோ தெரியலமே. இவ புடிவாதத்துல எடமும் போவுது, சோறும் போவுது" என்று அழுதாள். புஷ்பக்காவும் தூங்கவில்லை என்று மாயா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. டிராயர் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடல் முரண்டு பிடித்தது. நான் ஒரு கையெழுத்துக்காகக் குப்பத்துக்குப் போயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன். மற்ற போட்டுகள் எப்படியோ ஏறிவிட்டன. கடைசியாக வந்தது ஜெகதீசனின் போட்டு. தலைவர் அதிலேயே இருந்தார். அதில் அவரையும் சேர்த்து நாலு பேர். இடுக்குக்கு நேரே வரும்போது எஞ்சின் நின்றது. ஒருவர் கயிற்றைக் கரைக்கு வீசினார். அது மணலில் விழுந்தது. போட்டு குறுக்கே திரும்பி, அலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பாறைப் பக்கம் நகர்ந்தது. ஏற்கெனவே களைத்துப்போயிருந்த ஐந்தாறு ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். அவர்களையும் சேர்த்துக் கடல் இழுத்தது.

"ஏமே புஷ்பா, மோதப்போவுதுமே!" என்று பூவம்மா அலறினாள்.

புஷ்பக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த ஆள் தன்னைப் பார்த்துச் சிரித்ததன் கோபம் அதில் இருந்தது. அது ஒரு நொடிதான். "பாயாப்போன தலைவரு! கஸ்மாலம்! வாங்கடி!" என்று கத்திக்கொண்டு பாறையிலிருந்து குதித்தாள். புடவையை வாரிச் செருகிக்கொண்டு கயிற்றின் முன்முனைக்கு ஓடி, கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தாள். பின்னாலேயே பதின்மூன்று பேர். அறுபதைத் தாண்டிய பூவம்மாவும் பிடித்தாள். நானும் பிடித்தேன், செருப்பு எங்கே போனதென்று தெரியாது. "ஏலேலோ"வும் இல்லை ஒன்றும் இல்லை, புஷ்பக்கா போட்ட கூச்சல்தான் தாளம். அவள் "இயு!" என்றால் இழுத்தோம். பாறைக்கும் போட்டுக்கும் இரண்டு கை இடைவெளி இருந்தபோது போட்டின் மூக்கு திரும்பியது. அடுத்த அலையிலேயே போட்டு மணலில் ஏறி உட்கார்ந்தது.

ஜெகதீசன் இறங்கினார். முறையை மறக்கவில்லை. கூடைக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய வவ்வால் மீன் இரண்டை எடுத்து, புஷ்பக்காவிடம் இரு கையாலும் நீட்டினார்.

அவள் கயிற்றை விடவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து கயிற்றில் ரத்தம் இருந்தது.

"மீனு வேணா தலைவரே. டிராயர தொற."

ஜெகதீசன் பூவம்மாவிடம் நீட்டினார். அந்தக் கிழவி, நாலு நாளாகக் குழம்பு வைக்காதவள், "எனுக்கும் வேணா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்தவளும் வேண்டாம் என்றாள். பதினான்கு பேரும் வேண்டாம் என்றார்கள். என்னிடம் வந்தபோது நான் பட்டதாரி என்கிற மிதப்போடு, "எனக்கும் வேணாங்க" என்றேன்.

போட்டுக்காரர்களுக்கு எல்லையம்மன் கட்டு ஞாபகம் வந்தது. கயிற்றுக் கை மீன் வாங்காத போட்டு இனி எங்கே இறங்கும்? நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் அதே கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார்கள். அதில் ஒருவரான பரசுராமன் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா தலைவரே யோசிச்சிகினு கீற? தண்ணில எறங்கி இஸ்தாங்க பாரு, அவுங்க தொயில் பண்றவங்க இல்லைன்னு எந்த வாயால சொல்லுவ? நான் ஒத்துக்கறேன்."

"நானும்" என்றார் இன்னொருவர். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். நான்கு ஆகிவிட்டது. ஐந்தாவது குரலும் வந்தது. ஜெகதீசன் இடுப்பைத் தடவினார். சாவி நனைந்துபோய் அங்கேயே இருந்தது. அதை எடுத்துப் புஷ்பக்கா கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் அவள் கயிற்றை விட்டாள், மீனை வாங்கினாள். "குடு. வவ்வால சும்மா வுட முடியுமா" என்றாள். அன்று மத்தியானம் என் கடைக்கு ஒரு தூக்கு குழம்பு வந்தது. அதைப்போல் ஒரு குழம்பு நான் சாப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வாசல் வரை ஆள். ஆண்கள் நாற்பத்தொன்பது பேர், பெண்கள் பதினான்கு பேர். இந்த முறை யாரும் பட்டு கட்டவில்லை. வியாபாரம் முடித்து, கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு, செதில் ஒட்டின புடவையோடு வந்து உட்கார்ந்தார்கள். லாரிக்கு இடம் கொடுக்கலாம் என்கிறவர்கள் கை தூக்கினார்கள். இருபத்தேழு. உயிரைக் காப்பாற்றியதற்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்கள் இருபத்தேழு பேர் ஒரு சின்னக் குப்பத்தில் இருக்கிறார்கள், பாருங்கள்.

"வேணான்றவங்க" என்றார் ஜெகதீசன்.

புஷ்பக்காவின் கை மேலே போனது. உள்ளங்கையில் மாயா கட்டிவிட்ட வெள்ளைத் துணி. பூவம்மா கை, மற்றப் பன்னிரண்டு கை. பிறகு பரசுராமன், கயிறு பிடித்தவர்கள், அந்தப் போட்டில் இருந்த மூன்று பேர். ஒன்றொன்றாக எழும்பி, முப்பத்தைந்தில் நின்றது. பாஸ்கர் அண்ணன் மட்டும் இரண்டு தரமும் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். புஷ்பக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, அசோசியேட்டா நீ?"

கூடமே வெடித்துச் சிரித்தது. பாஸ்கர் அண்ணன் முகம் சிவந்து, எழுந்தே நின்று, இரண்டு கையையும் தூக்கினார். "ஒண்ணு போதும்யா!" என்று யாரோ கத்தினார்கள். முப்பத்தாறு.

மரத்தடியை லாரிக்குக் கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்தானது. நான் வாசலில் நின்று, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். எல்லாரும் கையை இறக்கி, விசில் அடித்து, எழுந்துவிட்டார்கள். முதல் வரிசையில் ஒரு கை மட்டும் அப்படியே மேலே இருந்தது.

"எம்மா, எண்ணியாச்சு. கைய கீழ போடு" என்றார் ஜெகதீசன்.

"இர்க்கட்டும் தலைவரே" என்றாள் புஷ்பவல்லி. "இம்மா நாளு கீயேயே கெடந்த கையி. கொஞ்ச நேரம் மேலயே இர்க்கட்டும்."